கெவினின் கடைசித் தோல்வி

1

நாங்கள் இங்கே வந்து ஏழு வருடம் முடிந்த வாரத்தில், கெவின் கடைசி முறையாகத் தோற்கப்போகிறார் என்று நூலகத்தின் கண்ணாடிக் கதவில் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். நோட்டீசில் அந்தச் சொற்கள் இல்லை. 'இன்ஸ்பெக்டரின் கடைசிச் சண்டை, ஞாயிறு பிற்பகல் மூன்று மணி, தொழிலாளர் மன்ற அரங்கம்' என்றுதான் இருந்தது. ஆனால் இன்ஸ்பெக்டர் ஜெயித்து இந்த ஊரில் யாரும் பார்த்ததில்லை.

இது யார்க்‌ஷயரில் ஒரு பழைய நிலக்கரி ஊர். சுரங்கங்களை மூடிப் பல வருடமாகிறது. மண்மேடுகளில் புல் முளைத்து இப்போது ஆடு மேய்கிறது. காலையில் பனி இறங்கும்போது அந்த மேடுகள் பாதி கரைந்து நிற்கும். பேருந்து நிறுத்தத்தில் நின்று பார்த்தால், ஓடைப்பட்டித் திராட்சைப் பந்தல்களுக்கு அப்பால் தெரியும் மலைதான் இங்கே வந்து நிற்கிறது என்று தோன்றும். பேருந்து வந்ததும் அது மறுபடியும் நிலக்கரிக் கழிவு மேடாகிவிடும்.

என் மனைவி ஜெயராணி கடமலைக்குண்டுக்காரி. இங்குள்ள மருத்துவமனையில் செவிலியர். அவளுக்கு வேலை கிடைத்துத்தான் வந்தோம். உத்தமபாளையத்தில் ஒரு நாளிதழின் நிருபராக இருந்த நான், அதே மருத்துவமனையில் நோயாளிகளைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளுகிறேன். கெவின் அங்கே சலவைப் பிரிவில் இருக்கிறார். ஐம்பத்திரண்டு வயது, தடித்த கழுத்து, மெல்லிய குரல். படுக்கை விரிப்பை மடித்ததும் உள்ளங்கையால் ஒரு முறை தடவிவிடுவார், தூங்கும் குழந்தையைத் தடவுவதுபோல. மாதத்தில் ஒரு ஞாயிறு மட்டும் அவர் இன்ஸ்பெக்டர்.

தொழில்முறை மல்யுத்தம் உங்களுக்குப் புதிதல்ல. கேபிள் வந்த புதிதில் நம் பக்கம் டீக்கடைக்கு டீக்கடை ஒரு வழக்கு நடந்தது: அடி நிஜமா, பொய்யா? இங்கே அந்த வழக்கே கிடையாது. யார் ஜெயிப்பது என்று முன்பே பேசி வைத்திருப்பது கைக்குழந்தைக்கும் தெரியும். நல்லவன் வந்தால் கைதட்ட வேண்டும். கெட்டவன் வந்தால் 'ஊ' என்று கத்த வேண்டும். இரண்டும் பார்க்க வந்தவர்களின் பொறுப்பு. ஊ எவ்வளவு பெரிதோ, வில்லன் அவ்வளவு நல்ல கலைஞன்.

2

எங்களை அங்கே கூட்டிப்போனவள் மகள் மதி. பதினொரு வயது. வீட்டில் நான் தமிழில் கேட்பேன், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். கடைத்தெருவில் எனக்குப் பத்தடி முன்னால் நடப்பாள். பள்ளி வாசலில் அந்தப் பத்தடி முப்பதடியாகும். மல்யுத்த அரங்கில் மட்டும் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, சண்டை சூடுபிடிக்கும்போது என் சட்டைக் கையைப் பிடித்துக்கொள்வாள். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் விட்டுவிடுவாள் என்று பயம்.

அரங்கம் பெரியதல்ல. இருநூறு மடக்கு நாற்காலிகள். கோதாவை ஒரு வேனில் கொண்டுவந்து, சண்டைக்காரர்களே பலகை அடுக்கிக் கயிறு இழுத்துக் கட்டுவார்கள். இடைவேளையில் டீயும், குலுக்கல் சீட்டும் உண்டு. திரைச்சீலைகளைச் சரியாக இழுத்து மூட முடியாததால் மூன்று மணி வெயில் நீளமான பட்டைகளாக உள்ளே விழும். அந்தப் பட்டைகளில் தூசி மிதக்கும். அதற்குள் ஒரு மனிதன் இன்னொருவனைத் தலைக்கு மேல் தூக்கும்போது, இருவரும் தண்ணீருக்குள் இருப்பதுபோலத் தெரியும்.

இன்ஸ்பெக்டர் சாம்பல் கோட்டும் டையும் அணிந்து, கையில் காகிதம் செருகிய ஒரு எழுத்து அட்டையோடு வருவார். நகராட்சி அதிகாரி. வருகிற வழியில் அபராதச் சீட்டு எழுதிக் கிழித்துக் கொடுப்பார். ஐஸ்கிரீம் சாப்பிடும் பையனுக்கு, உரிமம் இல்லாமல் நக்கியதற்கு. முதல் வரிசையில் குடையோடு உட்காரும் மொரீன் பாட்டிக்கு, கூரைக்கு அடியில் குடை வைத்திருந்ததற்கு. அரங்கமே ஊ என்று பொங்கும்.

முதல் நாள் நான் வாயைத் திறக்கவில்லை.

"அப்பா, ஊ போடுங்க. அவர் கெட்டவர்" என்றாள் மதி.

"நம்ம சலவைக் கெவின்தானே அது?"

"இப்ப இல்லை" என்றாள், கண்ணைக் கோதாவிலிருந்து எடுக்காமல்.

உத்தமபாளையம் தாலுகா அலுவலகத்தில் எத்தனையோ முறை கைகட்டி நின்றவன் நான். நிருபர் என்றாலும் சாதிச் சான்றிதழுக்கு வரிசை ஒன்றுதான். இங்கே வந்தபின், எங்கள் மூவரின் கடவுச்சீட்டுகளும் நிரந்தரக் குடியிருப்பு விண்ணப்பத்தோடு உள்துறை அலுவலகத்துக்குப் போய், ஒரு குளிர்காலமும் ஒரு கோடையும் தாண்டித் திரும்பவில்லை. தொலைபேசியில் கேட்டால் பொறுமைக்கு நன்றி சொல்கிறார்கள். நாங்கள் அரங்குக்குப் போன இரண்டாவது ஞாயிறு, இன்ஸ்பெக்டர் என் முன்னால் நின்று, இருக்கையில் அளவுக்கு மேல் நேராக உட்கார்ந்ததற்கு அபராதம் எழுதியபோது, என் அடிவயிற்றிலிருந்து ஒரு ஊ கிளம்பியது. அன்றிலிருந்து நான் முறையான ரசிகன்.

3

நம் ஊரில் நான் பார்த்த ஒரே மல்யுத்தக் காட்சி தொண்ணூற்றேழில், உத்தமபாளையம் சந்தைத் திடலில். லாரியில் சுற்றும் ஒரு குழு. மெத்தைக்குப் போடியிலிருந்து இலவம்பஞ்சு வாங்கி அடைத்திருந்தார்கள். சாரல் காற்று மேற்கிலிருந்து வந்துகொண்டிருந்தது. மெத்தையின் கிழிசலிலிருந்து பஞ்சு பிரிந்து, டியூப்லைட் வெளிச்சத்தில் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. பின்னாளில் இங்கே முதல் பனி விழுந்த அன்று, என் மூக்கில் தானாகவே இலவம்பஞ்சு வாசனை வந்தது.

சண்டைக்கு முன் மரியாதை நடந்தது. ஊர்ப் பெரியவர்களை ஒவ்வொருவராக மைக்கில் அழைக்க, அவர்கள் ஏறி ஒவ்வொரு வீரனுக்கும் பொன்னாடை போர்த்தினார்கள். நல்லவனுக்கு எத்தனையோ அத்தனை வில்லனுக்கும். இதில் குறை வைத்தால் அடுத்த தேர்தல் வரை பேச்சு இருக்கும். நான் நோட்டுப் புத்தகத்தில் பெயர்களை எழுதிக்கொண்டே இருந்தேன். சண்டையில் யார் ஜெயித்தார் என்பதை விட்டாலும் விடலாம், போர்த்தியவர் பெயரை விடக்கூடாது என்பது எங்கள் தொழிலின் முதல் பாடம்.

பக்கத்தில் நின்ற கறிக்கடை பாய் பொறுமை இழந்துவிட்டார்.

"ஏம்ப்பா, போத்திக்கிட்டே இருந்தா எப்பத்தான் அடிச்சுக்கிருவீக?" என்று கத்தினார். "குளுரா அடிக்குது இங்கன?"

மறுநாள் காலை வில்லனைப் பேருந்து நிலைய டீக்கடையில் பார்த்தேன். மேடையில் வடநாட்டுப் புலி. டீக்கடையில் திண்டுக்கல் பக்கத்துத் தமிழ்.

"நேத்து கூட்டம் எப்படிண்ணே?" என்றேன்.

"கூட்டத்துக்கு என்ன, நல்ல கூட்டம். ஆனா துண்டு போட்டே ஆளை முடிச்சுட்டாக. கையெடுத்துக் கும்பிட்டவனை எவன் திட்டுவான்? நான் அந்தப் பயலைத் தூக்கி அடிக்கிறேன், ஒரு பெருசு கீழ இருந்து 'தம்பி, பாத்து, இடுப்புப் பத்திரம்'ங்குறாரு. எனக்குச் சொல்றாருண்ணே, அடி வாங்குனவனுக்கு இல்ல!"

சிரித்தோம். அதை நான் செய்தியில் சேர்க்கவில்லை. இடமில்லை.

4

ஞாயிறுக்கு முந்தைய செவ்வாய், சலவைப் பிரிவுக்குத் தள்ளுவண்டியோடு போனேன். உலர்த்தும் இயந்திரங்களின் வெப்பத்தில் அறை முழுவதும் மங்கலாக இருந்தது. வெள்ளை விரிப்புகள் அடுக்கடுக்காக நிற்க, நடுவில் கெவின் உட்கார்ந்திருந்தார். வேலை நேரத்தில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

முட்டி இரண்டும் போய்விட்டது என்றார். மருத்துவர் இந்த ஞாயிறுக்குப் பிறகு கோதாவில் ஏறக்கூடாது என்று சொல்லிவிட்டார். அதை அவர் ஏற்றுக்கொண்டார். அவருடைய கவலை வேறு.

"நோட்டீஸ்ல கடைசின்னு போட்டுட்டாங்க" என்றார். "என்ன நடக்கும்னு எனக்குத் தெரியும். எழுந்து நின்னு கைதட்டுவாங்க."

"நல்லதுதானே?"

கெவின் தலையை ஆட்டி மறுத்தார். பிறகு கால்சட்டையை மேலே இழுத்து, தொடையில் ஒரு சிறிய தழும்பைக் காட்டினார்.

"நான் கோதாவுல ஏற ஆரம்பிச்ச புதுசுல, வில்லன்னு ஒரு கிழவி கொண்டை ஊசியால குத்தினா. எனக்குக் கிடைச்ச ஒரே பதக்கம் இதுதான். முப்பது வருஷத்துல ஒருத்தர்கூட எனக்குக் கைதட்டினது இல்லை. நான் தட்ட விட்டதில்லை. கடைசி நாள்ல, பாவம் முட்டி போன ஆளுன்னு தட்டினாங்கன்னா, இத்தனை வருஷமும் இவங்க என்னை நம்பவே இல்லைன்னு ஆயிடும். அப்புறம் வெறும் கெவினாத்தான் நான் இறங்க வேண்டியிருக்கும். எனக்கு இன்ஸ்பெக்டரா இறங்கணும்."

என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீயும் உன் மகளும் நல்லா கத்துவீங்க. கைதட்டு ஆரம்பிக்கும்போது நீங்க ஊ போட்டுருங்க. மத்தவங்க சேர்ந்துக்குவாங்க. செய்வியா?"

செய்வதாக வாக்குக் கொடுத்தேன்.

வீட்டில் சொன்னதும் ஜெயராணி இடுப்பில் கை வைத்தாள்.

"முப்பது வருசம் ஒரு வேலை பாத்து ஒரு மனுசன் இறங்குறாக. நீங்க வெறுங்கையோட போயி நாய் மாதிரி ஊளையிட்டுட்டு வருவீகளாக்கும்?"

"அவரே அதைத்தாண்டி கேட்டாரு."

"அவுக கேப்பாக. மரியாதைன்னு ஒண்ணு கேட்டா கிடைக்கும்?"

அது என் மனதில் தைத்துவிட்டது. ஓடைப்பட்டியில் திராட்சை போட்டிருக்கும் அவள் அண்ணன் முருகேசனைத் தொலைபேசியில் பிடித்தேன்.

"சால்வையா? அங்கன அதுகூடக் கிடைக்காதா மாப்ளே? இங்கன பீரோ நெறைய கிடக்கு. சங்கத்துல வருசம் ஒண்ணு போத்துறாக. நான் அதைத்தான் பழப் பெட்டிக்கு மூடாக்குப் போடுறேன். அது சரி, யாருக்கு?"

"தோத்துப்போறதையே வேலையா வச்சிருக்கிற ஒருத்தருக்கு, மச்சான்."

"அட, நம்ம சங்கத் தலைவரு அங்கன வந்துட்டாரா?" என்று சிரித்தார்.

அங்கிருந்து தபாலில் வர நாளில்லை. தேடியதில் என் பெட்டியிலேயே ஒரு பொன்னாடை இருந்தது. கத்தரிப்பூ நிறம், சரிகைக் கரை. நான் ஊரை விட்டுக் கிளம்பியபோது சக நிருபர்கள் போர்த்தியது. பொன்னாடை யாரிடமும் தங்குவதில்லை, அடுத்தவர் தோளுக்குப் போய்க்கொண்டே இருக்கும் என்பது நம் ஊர் நடைமுறை.

கெவினுக்குக் கொடுத்த வாக்கை நான் மீறவில்லை என்றே நினைத்தேன். என் நினைப்பு இப்படிப் போனது: பொன்னாடை கைதட்டல் ஆகாது. ஊரே சபித்த ஒரு வட்டாட்சியர் ஓய்வு பெற்ற அன்று, அவருக்கும் முப்பது பேர் போர்த்தினார்கள், நான் முப்பது பெயரையும் எழுதினேன். அதில் அன்பு கிடையாது, இறங்குகிறவருக்குச் செய்யும் முறை அவ்வளவுதான். முறையை முடித்துவிட்டு உட்கார்ந்து, மனதார ஊ போடலாம். இது நம் ஊர்ப் பக்கம் பிறந்தவனுக்கு மட்டுமே சரியாகப் படும் நினைப்பு என்று அப்போது தெரியவில்லை.

5

ஞாயிறு. டிக்கெட் கிழிப்பவரிடம், சண்டைக்கு முன் இன்ஸ்பெக்டருக்கு ஒரு சிறு பொருள் தர வேண்டும் என்றேன். "அருமை" என்றார். இங்கே எல்லாவற்றுக்கும் அப்படித்தான் சொல்வார்கள்.

இருநூறு நாற்காலியும் நிறைந்து பின்னால் ஆட்கள் நின்றார்கள். இசை எழுந்து, சாம்பல் கோட்டு வாசலில் தெரிந்தது. ஊ கிளம்பியது, ஆனால் மெலிந்திருந்தது. அதற்குள் அங்கங்கே கைத்தட்டல் தூறலாக விழுந்தது. கெவின் கால் இழுத்து நடந்தார். அபராதச் சீட்டு வாங்கிய ஒரு பெண் அதை மடித்து மார்போடு வைத்துக்கொண்டாள். கெவினின் முகம் இறுகுவதைப் பார்த்தேன். நேரம் குறைவாக இருந்தது. முறையைச் சீக்கிரம் முடிக்க வேண்டும்.

"அப்பா, எங்க போறீங்க? வேண்டாம்" என்றாள் மதி. ஜெயராணி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கோதாவின் படியருகே ஷூவைக் கழற்றினேன். சண்டை போடுகிற மண்ணில் செருப்போடு ஏறி எனக்குப் பழக்கமில்லை. அது மண் அல்ல, கான்வாஸ் போர்த்திய பலகை. உடம்புக்கு அந்த வித்தியாசம் தெரியவில்லை. காலுறையோடு கயிற்றுக்குள் நுழைந்து, பொன்னாடையை உதறி விரித்தேன். கத்தரிப்பூ நிறம் வெயில் பட்டையில் ஒரு கணம் பற்றி எரிந்தது. எட்டிக் குதிகாலை உயர்த்தி அவர் தோளில் போர்த்தி, கைகூப்பினேன்.

இருந்த ஊவும் நின்றது. பிறகு யாரோ ஒரு பெண் நெகிழ்ந்து மூச்சு விட்ட சத்தம். பிறகு கைத்தட்டல். முதலில் வலப்பக்கம், பிறகு பின்வரிசை. மொரீன் பாட்டி குடையை ஊன்றி எழுந்தார். அவரைப் பார்த்து அவர் வரிசை எழுந்தது.

கெவினின் முகம் என் முகத்திலிருந்து ஒரு முழத்தில் இருந்தது. அவர் கண்களில் நான் பார்த்தது பயம். உதடு அசையாமல், "என்ன செஞ்சுட்ட?" என்றார்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. சந்தைத் திடலின் இலவம்பஞ்சு வாசனை வந்தது. இருநூறு பேருக்கு முன்னால், காலுறையோடு, ஒரு மனிதனின் முப்பது வருடத்தை நான் போர்த்தி மூடிவிட்டேன்.

கெவின் பொன்னாடையின் நுனியை இரண்டு விரலால் பிடித்துத் தூக்கினார். மோந்து பார்த்தார். முகம் சுளித்தார். அதில் மூக்கைச் சிந்தினார், நீளமாக, மைக்கில் கேட்கும்படி. கைத்தட்டல் தடுமாறியது. பிறகு கோட்டைத் திறந்து இரண்டு அக்குளையும் துடைத்துக்கொண்டார். கைத்தட்டல் நின்றது. பொன்னாடையைக் கீழே போட்டு, அதன்மேல் ஏறி நின்று, சரிகையில் பூட்ஸைத் தேய்த்தார். எழுத்து அட்டையை எடுத்து நிதானமாக எழுதி, சீட்டைக் கிழித்து, மைக்கில் வாசித்தார்: "பொது இடத்தில் காலணி இல்லாமல் ஏறிய குற்றம்." சீட்டை என் சட்டைப் பையில் செருகித் தட்டிவிட்டார்.



பிறகு வந்ததை நான் சத்தம் என்று எழுத முடியாது. கால் வழியாக ஏறியது. மொரீன் பாட்டி கயிற்றுக்குள் குடையை விட்டு இன்ஸ்பெக்டரின் பிட்டத்தில் குத்தினார். ஏழு வருடமாக ஒரே நிறுத்தத்தில் நின்றும் என் வணக்கத்துக்குத் தலையசைக்காத ஒருவர், நாற்காலி மேல் ஏறி, "அவரை விடுடா, அவர் எங்க ஊர்க்காரர்டா!" என்று கத்தினார். இந்தக் கூற்றை உள்துறை அலுவலகம் இன்னும் உறுதி செய்யவில்லை. மதி அழுதுகொண்டே ஊ போட்டாள். விளையாட்டு என்று தெரிந்தும் அழுதாள். ஜெயராணி தமிழில் எதையோ சொன்னாள். அதை அச்சில் போட முடியாது.

நான் ஷூவை மாட்டிக்கொண்டு இடத்துக்கு வந்தேன். பொன்னாடை மிதிபட்டபோது மனது சுண்டிப்போனது உண்மை. அதையும் எழுதிவிட வேண்டும். கை தானாகவே கட்டிக்கொண்டது. நான் மட்டும் ஊ போடவில்லை.

சண்டை ஒன்பது நிமிடம். ரொட்டிக்கடையில் வேலை பார்க்கும் ரையன் என்ற இளைஞன் கெவினைத் தூக்கி அடித்தான். நடுவர் மூன்று எண்ணியபோது அரங்கமும் சேர்ந்து எண்ணியது. இன்ஸ்பெக்டர் எழுந்து, நொண்டிக்கொண்டே, எல்லோருக்கும் அபராதம் போடுவதாக மிரட்டிக்கொண்டு போனார். ஒருவரும் கைதட்டவில்லை.

6

ஐந்தரை மணிக்கு வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. ரையனிடம் கையெழுத்து வாங்க முப்பது நாற்பது பேர் வண்டிகள் நிற்கும் இடத்தில் காத்திருந்தார்கள். வில்லன் யாரிடமும் நன்றி சொல்லக்கூடாது, சிரிக்கக்கூடாது, ஊர் எல்லை தாண்டும் வரை வில்லனாகவே இருக்க வேண்டும் என்பது அவர்கள் தொழில் கட்டுப்பாடு. கெவின் பக்கக் கதவு வழியாகப் பையோடு வந்தார். காரில் அவர் மனைவி ஓட்டும் இருக்கையில் இருந்தார்.

கதவைத் திறந்து உட்கார்ந்தார். வலது கால் உள்ளே வரவில்லை. முட்டி மடங்க மறுத்தது. இரண்டு கையாலும் தொடையைப் பிடித்துத் தூக்கி உள்ளே வைத்தார். பிறகு இடது காலை. இதற்குள் வெகுநேரம் ஆனதுபோல இருந்தது. கூட்டம் பேச்சை நிறுத்திவிட்டது. குடையில் மழை விழும் ஓசை மட்டும். சிலர் தரையைப் பார்த்தார்கள். எனக்கு முன்னால் நின்ற பெரியவர் கையுறையைக் கழற்றி, தட்டுவதற்காக இரண்டு உள்ளங்கையையும் மார்புக்கு நேரே உயர்த்தினார்.

கெவின் அதைப் பார்த்துவிட்டார்.

எனக்கு எங்கிருந்து குரல் வந்தது என்று தெரியவில்லை. "ஊ…" என்று கத்தினேன். தனியாக. மழையில் அது மண்மேடுகள் வரை போய்த் திரும்பியது. பெரியவர் திடுக்கிட்டுத் திரும்பி என் சட்டைப் பையிலிருந்த சீட்டைப் பார்த்தார். கையை இறக்கினார். மதி என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு சேர்ந்தாள். மொரீன் பாட்டி சேர்ந்தார். பிறகு எல்லோரும்.

கெவின் கார்க் கண்ணாடியை இறக்கி, என்னை நோக்கி விரலை ஆட்டி மிரட்டிவிட்டு, மறுபடி ஏற்றிக்கொண்டார். கார் வளைந்து சாலையில் ஏறி, அதன் பின்விளக்குச் சிவப்பு மழையில் கரையும் வரை நாங்கள் விடவில்லை.